பையனை கால்பந்து அகாடமியில் சேர்க்கப் போகிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகன் ஒன்பது வயதில் லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு தொழில்முறை கிளப்பின் அகாடமியில் சேர்ந்தான். பதினான்கு வயதில் வெளியே வந்தான். எந்த கிளப் என்பது இங்கே தேவையில்லை. அதற்குப் பிறகு ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனாலும், யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், சாப்பாட்டுத் தட்டோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, பையனை ட்ரயலுக்குக் கூப்பிட்டிருக்காங்க..." என்று ஆரம்பிப்பார். ஊரிலிருந்தும் போன் வரும். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அகாடமி என்று எதைச் சொல்கிறீர்கள்? தெருமுனை கோச்சிங் கூட அகாடமி என்றுதானே போர்டு வைக்கிறது?

போர்டில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நான் சொல்வது இங்கிலாந்தில் தொழில்முறை கிளப்புகளே நடத்தும் அகாடமி. 2012இல் பிரிமியர் லீக் கொண்டுவந்த 'எலீட் பிளேயர் பெர்ஃபார்மன்ஸ் பிளான்' என்ற திட்டத்தின்படி இவை நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து முறையான பதிவு தொடங்குகிறது. அதற்கு முன்பே, ஆறு ஏழு வயதுக் குழந்தைகளை 'டெவலப்மென்ட் சென்டர்' என்ற பெயரில் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த அகாடமிகள் கட்டணம் வாங்குவதில்லை. அதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி வரும். எனக்கும் வந்தது. செலவு வேறு வழியில் வந்தது: பெட்ரோல், நான் விட்டுக்கொடுத்த ஓவர்டைம், மனைவி மாற்றிக்கொண்ட ஷிஃப்ட்.

கிளப்பின் லோகோவைப் போட்டுக்கொண்டு மாதாமாதம் பணம் வாங்கும் பயிற்சிப் பள்ளிகள் வேறு ரகம். நீச்சல் வகுப்பு மாதிரி அதுவும் ஒரு வகுப்பு. பையன் சந்தோஷமாக ஆடிவிட்டு வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்த ஜெர்சியைப் பார்த்துவிட்டு, பெரிய கிளப் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை பேர் தேறுகிறார்கள்? உள்ளதைச் சொல்லுங்கள்.

எந்த நேரத்தில் எண்ணினாலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் இங்கிலாந்து அகாடமிகளில் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் 21 முதல் 26 வயதான முன்னாள் அகாடமி வீரர்கள் சுமார் 4,000 பேரை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 97 சதவீதம் பேர் பிரிமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு முதல் நான்கு டிவிஷன்களில் எந்த கிளப்பிலும் ஒப்பந்தமே கிடைக்கவில்லை.

"ஐஐடி நுழைவுத் தேர்விலும்தான் இப்படி" என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் சில காலம் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஐஐடி கிடைக்காத பையன் வேறு பொறியியல் கல்லூரிக்குப் போகிறான், படித்த கணக்கும் இயற்பியலும் கையோடு போகின்றன. பதினாறு வயதில் வெளியே வரும் பையனிடம் ஒரு நல்ல இடது கால் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஒரு வாரம் எப்படிப் போகும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

எங்களுக்கு செவ்வாய், வியாழன், வெள்ளி மாலைகளில் பயிற்சி, ஞாயிறு மேட்ச். சின்னப் பையன்களுக்கு ஒரு மணி நேரப் பயண எல்லை என்று விதி உண்டு. வரைபடத்தில் எங்கள் வீடு ஐம்பது நிமிடம்தான். மாலை ஐந்து மணிக்கு எம்25 நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பள்ளி விட்டதும் கேட்டிலேயே ஏற்றிக்கொள்வேன். டப்பாவில் தயிர்சாதம் இருக்கும். முன் சீட்டில் சாப்பிட்டுவிட்டு, கார் மேல்கூரையின் சின்ன விளக்கு வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதுவான். திரும்பி வர ஒன்பதரை. பாதி நாள் காரிலேயே தூங்கிவிடுவான், ஷின் பேடைக்கூடக் கழற்றாமல் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்போம்.

பின் சீட்டில் என் மகள். அவளை வீட்டில் விட்டுவர ஆள் கிடையாது. நான்கு வயதிலிருந்து ஒன்பது வயது வரை வாரத்தில் மூன்று மாலை அவள் அந்த பின் சீட்டில்தான் வளர்ந்தாள். அகாடமி கொடுத்த எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் அவள் கணக்கு வரவில்லை. நானும் அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக நின்றது. சனிக்கிழமை மிருதங்க வகுப்பு முதலில் போயிற்று. அடுத்து தமிழ்ப் பள்ளி. பதிவு செய்த பையன் கிளப்பின் அனுமதியில்லாமல் வேறு அணிக்கு ஆடக் கூடாது என்பதால், பக்கத்துத் தெரு நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அணியும் போயிற்று. கால்பந்துக்காகச் சேர்த்துவிட்டு நண்பர்களோடு கால்பந்து ஆடுவதை நிறுத்தினோம்!

கையெழுத்துப் போடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு விஷயம். ஒன்று, பதிவுக் காலம். சின்ன வயதில் ஒவ்வோர் ஆண்டாகவும், பன்னிரண்டு வயது அணியிலிருந்து இரண்டிரண்டு ஆண்டுகளாகவும் பதிவு செய்வார்கள்.

இரண்டாவது, இழப்பீடு. கிளப் தானாகப் பையனை விடுவித்தால் அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிளப் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நீங்கள் வேண்டாம் என்று வெளியேறினால், அவனைச் சேர்க்கும் அடுத்த அகாடமி பழைய கிளப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். எத்தனை ஆண்டு பயிற்சி, அகாடமி எந்தத் தரம் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும். பெரிய கிளப்புக்கு அது சில்லறை. சின்ன கிளப் "அருமையான பையன்தான், ஆனால்..." என்று பின்வாங்கிவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விலைச்சீட்டு தொங்குகிறது என்பது எனக்கு நான்காவது வருஷம்தான் உறைத்தது. படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து நிதானமாகப் படியுங்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டது கிளப் சின்னத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்ட அதே பத்து நிமிடத்தில்.

என் பையன் ஆகஸ்டில் பிறந்தவன். அதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணி. ஒன்பது வயதில் பதினொரு மாதம் என்பது ஒரு தலை உயரம். அதனால் அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் பிள்ளைகள் நிரம்பி வழிவார்கள், கோடையில் பிறந்தவர்களைத் தேட வேண்டும். பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்து ஆடவைக்கும் முறையைச் சில கிளப்புகள் முயன்று பார்க்கின்றன. என் மகன் ஜூன். 'சைஸ்' என்ற சொல் அவன் அறிக்கைகளில் ஐந்து வருடமும் வந்தது. அதற்கு அவன் என்ன செய்ய முடியும்?

வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இங்கே இதற்கு 'ரிலீஸ்' என்று பெயர். நம் ஊரில் ரிலீஸ் என்றால் பாலாபிஷேகம். இங்கே அப்படியில்லை.

மே மாதம். கால்மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் என்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன குடும்பம் வெளியே வரும்போது அந்தத் தாய் எங்களைப் பார்க்காமல் கார் சாவியைத் தேடிக்கொண்டே போனார். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேசையில் தண்ணீர் ஜக், டிஷ்யூ பெட்டி. டிஷ்யூ பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மரியாதையாகத்தான் பேசினார்கள். மொத்தம் ஏழு நிமிடம். என் மகன் எழுந்து இருவருக்கும் கை கொடுத்து "தேங்க் யூ" என்றான். ஐந்து வருடமாகச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

அன்று இரவே அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், நிர்வாக வேலை. ஆனால் அவன் நண்பர்கள் என்று சொல்ல இருந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்த பதினாறு பேர்தான். அடுத்த செவ்வாய் மாலை நான்கு மணிக்கு அவன் பையை எடுத்துக் கதவருகே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி மாடிக்கு எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் மனநிலை?

2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், விடுவிக்கப்பட்டு 21 நாட்கள் கழித்து, பதின்ம வயது வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 55 சதவீதம், மருத்துவ உதவி தேவைப்படும் அளவு மன நெருக்கடியில் இருந்தார்கள். 2020இல் ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் இருந்து, காயத்துக்குப் பிறகு விடுவிக்கப்பட்ட 18 வயது இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 'பின்கவனிப்பு' என்ற பேச்சு வலுத்தது. கிறிஸ்டல் பேலஸ் கிளப், விடுவிக்கப்படும் 18 வயதுக்கு மேற்பட்ட வீரர்களுக்கு மூன்று ஆண்டு ஆதரவு தருவதாக அறிவித்தது. பன்னிரண்டு, பதினான்கு வயதில் வெளியே வருபவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். சேரும்போதே கேளுங்கள். கேட்டால் பையனின் இடம் போய்விடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியது: தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போக மறுப்பது, பேச்சை நிறுத்துவது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். "ஆம்பளப் புள்ள, சரியாயிடுவான்" என்று என் சித்தப்பா போனில் சொன்னார். நான் மூன்று மாதம் அதை நம்பி வீணாக்கினேன்.

இன்னொன்று, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "நம்ம ஃபுட்பால் பிளேயர் எப்படி இருக்கான்?" என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள், அவன் உள்ளே இருக்கும்போதே.

படிப்பு கெடுமா?

மதிப்பெண் கெட வேண்டும் என்பதில்லை. பெரிய அகாடமிகளில் கல்விப் பொறுப்பாளர் இருப்பார், பள்ளியோடு பேசுவார். சில இடங்களில் வாரத்தில் ஒரு நாள் பள்ளியிலிருந்தே பையன்களை எடுத்துக்கொள்வார்கள். 'ஸ்காலர்ஷிப்', அதாவது பள்ளி முடிந்தபின் கிளப்பிலேயே முழுநேரப் பயிற்சிக்கான இடம், கிடைக்குமா என்ற முடிவு பதினாறு வயதில் வருகிறது, நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான ஜிசிஎஸ்இ தேர்வும் அதே ஆண்டுதான். அதைத்தான் யோசிக்க வேண்டும். ஒரு பையன் சொன்னது: "கெமிஸ்ட்ரி எதுக்கு அங்கிள், எனக்கு டிசம்பர்ல தெரிஞ்சிடும்." அவனுக்கு டிசம்பரில் தெரிந்தது, இல்லை என்று. கெமிஸ்ட்ரிக்கு ஐந்து மாதம்தான் மிச்சம் இருந்தது.

உடம்புக்கு என்ன ஆபத்து?

வளரும் எலும்பில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தசைநார் எலும்போடு சேரும் இடம் புண்ணாகும். முழங்காலுக்குக் கீழே என்றால் ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகாலில் என்றால் சீவர்ஸ். இரண்டுக்கும் முதல் மருந்து ஆட்டத்தைக் குறைப்பதுதான். ஆனால் இடம் போய்விடும் என்று பயந்து பையன்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். என் மகன் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பதைப் பார்த்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

தலையால் முட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு: மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். உங்கள் பயிற்சியாளர் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தலைக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தால், போய்ப் பேசுங்கள்.

குழந்தைகளின் பாதுகாப்பு?

2016 நவம்பரில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் வீரர், சிறுவயதில் க்ரூ அலெக்சாண்ட்ரா கிளப்பின் பயிற்சியாளர் பேரி பென்னல் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததை வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கானோர் பேச முன்வந்தார்கள். பென்னலுக்கு 2018இல் 31 ஆண்டு தண்டனை கிடைத்தது, 2023இல் சிறையிலேயே இறந்தார். 1970 முதல் 2005 வரை நடந்தவற்றை விசாரித்த ஷெல்டன் அறிக்கை 2021இல் வந்தது. குறைந்தது 692 பாதிக்கப்பட்டவர்கள், 240 சந்தேக நபர்கள் என்று அது பதிவு செய்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மெத்தனமாக இருந்ததையும் சொன்னது.

இப்போது பயிற்சியாளர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம், ஒவ்வொரு கிளப்பிலும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி உண்டு. ஆனாலும் அன்று பென்னலால் எப்படி முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள். பையனின் எதிர்காலம் தன் கையில் இருக்கிறது என்று அவன் எல்லாரையும் நம்பவைத்தான். பெற்றோரே பிள்ளையை அவன் வீட்டில் இரவு தங்க அனுப்பினார்கள். தனியாகப் பயிற்சி, தனியாக மெசேஜ், தனியாக காரில் கூட்டிப்போவது எதுவானாலும் கோச் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கிலாந்து அணிக்காகக் கோல் குவித்த ஹாரி கேனையும்தான் துரத்தினார்கள், அவர் வரவில்லையா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. ஹாரி கேனை ஆர்சனல் சின்ன வயதிலேயே விட்டது உண்மை. ஆனால் பதினொரு வயதில் அவர் டாட்டன்ஹாம் அகாடமியில் இருந்தார். ஜேமி வார்டி கதைதான் நிஜமாகவே வெளியேற்றப்பட்டவன் கதை. பதினாறு வயதில் உயரம் போதாது என்று ஷெஃபீல்டு வென்ஸ்டே விட்டது, தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே சின்ன அணிகளுக்கு ஆடினார், 25 வயதில் லெஸ்டர் சிட்டி, 2016இல் பிரிமியர் லீக் பட்டம். அருமையான கதை. ஒரே ஒரு கதையை எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால் வேறு கதை அதிகம் இல்லை என்றுதானே பொருள்?

சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட் ஐரோப்பாவில் ட்ரயல் என்கிறார். மூன்று லட்சம் கேட்கிறார். பையனுக்குப் பதினைந்து வயது.

கொடுக்காதீர்கள். ஃபிஃபா விதி 19இன்படி 18 வயதுக்குட்பட்ட வீரரை வேறு நாட்டு கிளப்புக்கு மாற்ற முடியாது. விதிவிலக்குகள் மிகக் குறைவு: பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது, எல்லையோரத்தில் குடியிருப்பது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறுவது போன்றவை. இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014இல், அடுத்தடுத்த இரண்டு 'ட்ரான்ஸ்ஃபர் விண்டோ'க்களுக்கு, அதாவது வீரர்களை வாங்கி விற்கும் இரண்டு காலகட்டங்களுக்கு, புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழுந்தது. ஆகவே சென்னைப் பையனை எந்த ஒழுங்கான ஐரோப்பிய கிளப்பும் பதினைந்து வயதில் பதிவு செய்யாது.

பதிவு செய்ய முடியாத இடத்துக்கு ஏன் கூப்பிடுகிறார்கள்? 2015இல் மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்கள் பலரை அகாடமி என்று சொல்லி லாவோஸ் நாட்டுக்குக் கொண்டுபோய் ஒரே அறையில் அடைத்து வைத்திருந்தது வெளிவந்தது. 2023 ஜூனில் போர்ச்சுகலின் வடக்கே ஓர் அகாடமியில் ஆள்கடத்தல் சந்தேகத்தில் சோதனை நடந்தபோது, வெளிநாட்டு இளம் வீரர்கள் 47 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலேயே விடுதியோடு உள்ள அகாடமி என்றால்?

முதலில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். அடுத்து விடுதியைப் பாருங்கள், மைதானத்தை அப்புறம் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் ரியோ டி ஜெனிரோவில் ஃப்ளமெங்கோ கிளப்பின் பயிற்சி மையத்தில் தீப்பிடித்து 14 முதல் 16 வயது வரையிலான பத்துப் பையன்கள் இறந்தார்கள். கன்டெய்னர் அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அந்த இடம் மாநகராட்சிப் பதிவில் வாகன நிறுத்துமிடம். பிரேசிலின் மிகப் பிரபலமான கிளப் அது. கும்பகோணத்தைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எத்தனை வாசல், சன்னல் திறக்கிறதா, இரவில் யார் தங்குகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

வேலைவாய்ப்புக் கணக்கையும் நேராகப் போடுங்கள். 2025 ஆகஸ்டில், இந்தியாவின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் நடக்குமா என்றே தெரியாத நிலையில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. மேலே லீக்கே ஆட்டம் காணும்போது கீழே அகாடமி தரும் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு? நம் ஊரில் கால்பந்து சோறு போடும் வழி பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீடுதான்: கல்லூரி இடம், ரயில்வே, காவல்துறை, அரசு வேலை. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். தனியார் அகாடமிகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் கோப்பைகளுக்கு அங்கே மதிப்பில்லை. "என் பையன் மாவட்ட, மாநில அணித் தேர்வுக்குப் போக விடுவீர்களா?" என்று கேளுங்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பல வருடங்களாக இலவசமாகவே பிள்ளைகளை ஆடவைத்து, பள்ளிக்கும் போக வைக்கிறார்கள். விடுதிக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை அங்கே போய் நின்று பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். கூடுதலாக ஒன்று, முழங்கால் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். சரியான வார்ம்-அப் பயிற்சியால் குறைக்கலாம், அது தெரிந்த பயிற்சியாளரா என்று பாருங்கள்.

கடைசியாக, அனுப்பலாமா வேண்டாமா?

பையன் கேட்டால் அனுப்புங்கள். நல்ல பயிற்சி, நல்ல மைதானம், சில நல்ல மனிதர்கள், எல்லாம் அங்கே உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் நிறுத்தாதீர்கள். மிருதங்கமோ, தெரு அணியோ, ஏதோ ஒன்று, பந்தோடு சம்பந்தமில்லாத நண்பர்கள் இருக்கும் ஏதோ ஒன்று. பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மே மாதமும் அவனிடம், "அடுத்த வருஷமும் போகணுமா?" என்று கேளுங்கள். நான் ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உங்கள் மகன் இப்போது ஆடுகிறானா?

ஒன்றரை வருடம் பந்தைத் தொடவில்லை. டிவியில் மேட்ச் போட்டால் எழுந்து போய்விடுவான். இப்போது பதினேழு. போன செப்டம்பரிலிருந்து பள்ளி நண்பர்களோடு பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை அணி ஒன்றில் ஆடுகிறான். முக்கால்வாசி மேட்ச் தோற்கிறார்கள். ஷூவில் சேற்றோடு வந்து சமையலறையில் நின்று பஜ்ஜி கேட்கிறான். நான் மட்டும் மைதானத்துக்கு வரக் கூடாதாம், அது நிபந்தனை.